தேடினால் கிடைக்காத பெயர்கள்

அன்கி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் எழுதுவார்கள். அட்டை செய்வது எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை அட்டை பார்ப்பது. செய்து வைத்த அட்டையைத் தேடி எடுப்பது, திருத்துவது பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது வீடு கூட்டுகிற வேலை மாதிரி. செய்கிற வரைக்கும் யார் கண்ணிலும் படாது, செய்யாமல் விட்டால்தான் தெரியும். ஆனால் போன ஒரு வருஷத்தில் நாங்கள் அன்கியில் கூடுதலாகப் படித்தது இந்தக் கூட்டுகிற வேலையில்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். ஹட்டன், தலவாக்கலை, இராகலைப் பக்கத் தோட்டங்களில் இருந்து கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். எங்களுக்கு முந்திய பேட்ச் அண்ணன்மார், அக்காமார் விட்டுப்போன ஒரு அன்கித் தொகுப்பு பென்டிரைவில் எங்கள் கைக்கு வந்தது. மலையக வரலாறு, இலங்கை அரசியல், புவியியல் என்று ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள். எங்கள் பரீட்சைக்கும் அதுதான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது தோட்டத்தில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கிறோம். உண்மையில் திருத்த வேலையைத் தொடக்கி வைத்தது அந்தப் பிள்ளைகள்தான்.

அன்கி தெரியாதவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு அட்டைக்கு முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதில் ஞாபகம் இருந்ததா இல்லையா என்று நீங்களே அழுத்த வேண்டும். ஞாபகம் இருந்தால் அந்த அட்டை நாலு நாள் கழித்து வரும், பிறகு பத்து நாள், பிறகு ஒரு மாதம் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். மறந்தால் உடனே திரும்பி வரும். மனிதன் எவ்வளவு வேகமாக மறக்கிறான் என்று ஜேர்மன்காரரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் ஒரு புத்தகம் எழுதினார். 1972இல் செபஸ்டியன் லைட்னர் காகித அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்கும் முறையைப் பிரபலமாக்கினார். அதே யோசனையைக் கணினியில் செய்ததுதான் அன்கி. டேமியன் எல்ம்ஸ் என்பவர் ஜப்பான் மொழி படிக்கும்போது இதை எழுதி 2006இல் வெளியிட்டார். அன்கி என்பதே 'மனப்பாடம்' என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்.

எங்கள் பக்கத்துக்கு இது பொருந்துவதற்குப் பெரிய தத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. அன்ட்ரொய்ட் போனில் இலவசம். ஒரு தடவை இறக்கிவிட்டால் பிறகு டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டாம். கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும் என்றாலும், இருபது நிமிஷம் போதும்.

குறிப்பு வேறு, அட்டை வேறு

திருத்தப் போகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இது. அன்கியில் நாம் எழுதுவது அட்டை அல்ல, குறிப்பு. ஒரு குறிப்பில் இருந்து அன்கி பல அட்டைகளைச் செய்துகொள்ளும். உதாரணத்துக்கு ஒரு குறிப்பு:

'1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேர் பற்றிப் பிறகு பேசுவது.'

இதில் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மறைக்கலாம். ஒரு குறிப்பு, நாலைந்து அட்டை. குறிப்பில் ஒரு எழுத்தைத் திருத்தினால் எல்லா அட்டையிலும் அது திருந்திவிடும். அதோடு, திருத்தினதால் அந்த அட்டையின் வரலாறு அழியாது. நீங்கள் அதை எத்தனை தரம் பார்த்தீர்கள், எத்தனை தரம் மறந்தீர்கள் என்பது அப்படியே இருக்கும். அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால்தான் அது போய்விடும். ஆகவே ஒரு அட்டை பிடிக்கவில்லை என்றால் முதலில் அழிக்க வேண்டாம், திருத்துங்கள். கேள்வியே முழுக்க மாறிப் போனால் மட்டும் அந்த அட்டையை ரீசெட் பண்ணிப் புதிய அட்டையாகத் தொடங்க விடுங்கள். ஏனென்றால் பழைய கேள்விக்குச் சொன்ன பதிலின் கணக்கு புதிய கேள்விக்குச் செல்லாது.

மேலே சொன்ன 1964 குறிப்பை ஒரு தங்கச்சி போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு எண்ணையும் பிசகாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "அக்கா, எங்க அப்பாயி இதுல எந்தக் கணக்குல வர்றாங்க?" என்று கேட்டாள்.

கேட்டால் பதில் சொல்ல முடியும். அப்பாயி இங்கேதான் இருக்கிறார், பிரஜாவுரிமை 1988க்குப் பிறகு கிடைத்தது, அப்பாயியின் அண்ணன் குடும்பம் இராமானுஜம் கப்பலில் தலைமன்னாரில் இருந்து இராமேஸ்வரம் போனது, இப்போது கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவளுடைய வீட்டிலேயே இரண்டு எண் இருக்கிறது. ஆனால் அட்டையில் எண் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு இரவு அந்தக் குறிப்பில் ஒரு புதிய வரி சேர்ந்தது: '150,000 பேரை 1974இல் இரு நாடும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டன. 1984இல் கப்பல் நின்றது. போவதாக இருந்து போகாமல் இங்கேயே தங்கியவர்கள் யார்?' பின்பக்கத்தில் ஒரு வசனம்: 'வீட்டில் கேட்டு எழுதவும்.' பரீட்சைக்கு இது வராது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த வரி சேர்ந்த பிறகு எண்களை மறக்கிறவர்கள் குறைந்தார்கள்.

அட்டையில் ஏறின அட்டை

ஒரு அட்டையைத் திரும்பத் திரும்ப மறந்தால் அன்கி அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். வழமையான அமைப்பில் எட்டுத் தரம் மறந்தால் அதன்மேல் 'லீச்' என்று ஒரு டாக் குத்திவிடும். அமைப்பைப் பொறுத்து அந்த அட்டையை நிறுத்தியும் வைக்கும். லீச் என்றால் அட்டை. இரத்தம் குடிக்கிற அட்டை. நேரத்தைக் குடிக்கிறது என்பதால் அந்தப் பெயர்.

இங்கிலீஷில் கார்ட் வேறு, லீச் வேறு. தமிழில் இரண்டும் அட்டை. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிக்காதவர் இல்லை. மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குப் போகிற எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்: ஏறின அட்டையைப் பிடித்து இழுக்கக்கூடாது, உப்போ சுண்ணாம்போ வைத்தால் தானாக விழுந்துவிடும். அன்கியிலும் அதேதான். லீச் அட்டையை இழுத்து எறிய வேண்டாம். அது ஏன் கடிக்கிறது என்று பாருங்கள்.

தேடும் பெட்டியில் டாக் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி போட்டு, லீச் என்று அடித்தால் எல்லா லீச்சும் வரிசையாக வரும். கட்டளைகளை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பிள்ளைகளின் போன்களில் இப்படித் தேடிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. எல்லார் போனிலும் ஏறத்தாழ ஒரே அட்டைகள்தான் லீச் ஆகியிருந்தன. எல்லாமே சட்ட அட்டைகள். முன்பக்கம் '1948, இலக்கம் 18', பின்பக்கம் சட்டத்தின் பெயர். முன்பக்கம் '1949, இலக்கம் 3', பின்பக்கம் சட்டத்தின் பெயர். இப்படியே 1967 இலக்கம் 14, 1986 இலக்கம் 5, 1988 இலக்கம் 39, 2003 இலக்கம் 35. ஆறு சட்டம், ஆறும் பிரஜாவுரிமை பற்றியது, ஆறின் பெயரும் கேட்க ஒரே மாதிரி. ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தன.

ஒரு தம்பி சொன்னான்: "அண்ணே, வருஷத்தச் சொன்னா சட்டத்தச் சொல்லிருவேன். சட்டம் என்னா செஞ்சிச்சுன்னு கேட்டாத்தான் தெரியாது."

உப்பு எங்கே வைக்க வேண்டும் என்று அவனே காட்டிவிட்டான். ஆறு குறிப்பின் முன்பக்கத்தையும் மாற்றினோம். 1948 அட்டையின் கேள்வி இப்போது இது: 'இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜை என்று காட்டுவதற்கு வேறு யாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும்?' பதில்: 'தகப்பன். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும்.' இதைப் படித்ததும் எந்தப் பிள்ளையும் அடுத்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பூட்டன் பிறந்த பத்திரம் எந்த லயத்துப் பெட்டியில் இருக்கும்? சட்டம் என்ன செய்தது என்பது அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

1949 அட்டை: 'பதிவு மூலம் பிரஜாவுரிமை கேட்பவர் எத்தனை வருஷம் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும்?' கல்யாணம் ஆனவர் 7, ஆகாதவர் 10. அதோடு தேர்தல் அட்டையையும் சேர்த்துக் கட்டினோம். 1947 தேர்தலில் தோட்டப் பகுதிகளில் இருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் அந்தக் கட்சியில் இருந்து ஒருத்தர்கூட இல்லை. அதன்பிறகு மலையக மக்கள் வாக்குப்போட்டு ஒரு தொழிற்சங்கத் தலைவரைத் தெரிவு செய்ய 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான், நுவரெலியா–மஸ்கெலியா தொகுதி.

2003 அட்டையின் கேள்விதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது: 'இந்தச் சட்டம் எந்தத் தேதியில் இருந்து இங்கே வசிப்பவர்களைக் கணக்கில் எடுத்தது?' பதில், 1964 ஒக்டோபர் 30. அதாவது ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். இந்த ஒரு பதில் இரண்டு அட்டையையும் முடிச்சுப்போட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு 2003 யாருக்கும் லீச் ஆகவில்லை.

தமிழில் தேடுவது

அன்கியின் தேடல் கொஞ்சம் மொக்கை. நீங்கள் அடித்த எழுத்துக்கள் அதே வரிசையில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அர்த்தம் தெரியாது. இங்கிலீஷில் இது பெரிதாகப் பிரச்சினை கொடுக்காது. தமிழில் சொல் உருமாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கொஞ்சம் தந்திரம் வேண்டும்.

'தோட்டம்' என்று தேடினால் 'தோட்டத்தில்', 'தோட்டத்துக்கு', 'தோட்டத் தொழிலாளர்' எதுவும் வராது. 'தோட்ட' என்று கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடினால் எல்லாம் வரும். 'நாடு' என்று தேடினால் 'நாட்டில்' வராது, 'நாட' என்று தேடினால் இரண்டும் வரும். 'இராகலை' என்று தேடினால் 'ராகலை' என்று எழுதின அட்டை கிடைக்காது, ஆனால் 'ராகலை' என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். ஆகவே எப்போதும் குட்டையான வடிவத்தைத் தேடுங்கள். ஹட்டன், அட்டன் என்று இரண்டு விதமாகவும் எழுதுவோம். பொகவந்தலாவை, பொகவந்தலாவ. லிந்துலை, லிந்துல. இந்த மாதிரிப் பெயர்களுக்கு நடுவில் இங்கிலீஷில் 'ஓர்' போட்டு இரண்டையும் சேர்த்துத் தேடலாம்.

இதைவிடப் பெரிய தலையிடி பாமினி. பழைய வினாத்தாள், டியூட், நோட்ஸ் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதில் இருந்து கொப்பி பண்ணி அன்கியில் ஒட்டினால் தமிழ் வராது, இங்கிலீஷ் எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குப்பை வரும். 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். எழுத்துருவை மாற்றினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே அது தமிழ் இல்லை. தேடினால் கிடைக்காது. எங்களுக்கு வந்த தொகுப்பில் அப்படி ஒரு அறுபது எழுபது அட்டை இருந்தன. கண்ணுக்குத் தெரிகின்றன, தேடலுக்கு இல்லை. பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றி ஒட்டுவது அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

இன்னொன்று. ஒரே விஷயத்துக்கு இரண்டு சொல் இருந்தால் தேடல் பாதியைத்தான் தரும். எங்கள் பாடப்புத்தகத்தில் 'பிரஜாவுரிமை'. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இருந்து எடுத்த அட்டைகளில் 'குடியுரிமை'. இரண்டும் ஒன்றுதானா வேறுவேறா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு சொல்லையும் தேடி எடுத்து, பிரஜாவுரிமை என்று வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் மற்றச் சொல்லையும் போட்டோம். இப்போது எதைத் தேடினாலும் வரும்.

ஒரே அமுக்கில் மாற்றலாமா?

இதுதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமாகப் போனது.

லப்டொப்பில் அன்கியைத் திறந்தால் தேடி மாற்றும் வசதி ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்குப் பதில் வரவேண்டிய சொல்லைக் கொடுத்தால், தெரிவு செய்த எல்லாக் குறிப்பிலும் ஒரே அமுக்கில் மாறிவிடும். தொகுப்பு முழுக்க எங்கள் ஆட்களுக்கு 'இந்தியத் தமிழர்' என்றுதான் பெயர். சில அட்டையில் 'இந்திய வம்சாவளியினர்', சிலதில் 'பெருந்தோட்டச் சமூகம்', சிலதில் வெறும் 'தொழிலாளர்'. 'மலையகத் தமிழர்' என்று தேடினால் விரல்விட்டு எண்ணக்கூடிய அட்டைகள்தான் வந்தன.

எங்களில் ஒருத்தி உடனே சொன்னாள்: "எல்லாத்தையும் மலையகத் தமிழர்னு மாத்திருவோம். ஒரு நிமிஷ வேல. நம்ம புள்ளைங்க நம்ம பேரப் படிக்கட்டும்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் ஊரில் பேர் என்பது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்தில் 'பேர்' என்றாலே ஒரு நாள் சம்பளம். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். காலையில் இருந்து மழையில் நின்றவரும் நிறுவை குறைந்தால் அரைப் பேரோடுதான் லயத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படி ஒரு இடத்தில் வளர்ந்தவர்களுக்கு, யாரோ வைத்த பேரைத் தூக்கிவிட்டு எங்கள் பேரை வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

மற்றவன் சொன்னான்: "சரி, மாத்துறோம். அப்ப 1911 சனத்தொகைக் கணக்கெடுப்புல 'மலையகத் தமிழர்'னு தனியாப் பிரிச்சாங்கன்னு ஒரு புள்ள எழுதிட்டு வரும். அது நடக்கல்லையே. பிரிச்சது 'இந்தியத் தமிழர்'னுதானே."

இதற்கும் பதில் இல்லை. 1911இல் எங்களை இலங்கைத் தமிழரில் இருந்து பிரித்து எண்ணியபோது வைத்த பேர் அது. 2012 கணக்கெடுப்பிலும் 839,504 பேர் அந்தப் பேரின் கீழ்தான் எண்ணப்பட்டார்கள். 1949 சட்டத்தின் பெயர் 'இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர்' என்று தொடங்குகிறது. 2003 சட்டத்தின் பெயரிலும் 'இந்திய வம்சாவளி' இருக்கிறது. அந்தச் சொற்களை மாற்றிவிட்டால் எங்களுக்கு என்ன நடந்தது என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். இங்கேயே பிறந்தவர்களை 'வதிவோர்' என்று கூப்பிட்டுத்தான் அந்தச் சட்டம் தன் வேலையைச் செய்தது. அந்தச் சொல் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு இரவு பேசினோம். கடைசியில் அன்கியே ஒரு வழி கொடுத்தது. குறிப்பு வகைக்குப் புதிதாக ஒரு புலத்தைச் சேர்க்கலாம். சேர்த்தால் அந்த வகையில் உள்ள எல்லாக் குறிப்பிலும் அந்த இடம் காலியாக வந்து நிற்கும், யாருடைய படிப்பு வரலாறும் குழம்பாது. நாங்கள் இரண்டு புலம் சேர்த்தோம். ஒன்று 'பத்திரத்தில் உள்ள பெயர்'. மற்றது 'நாங்கள் சொல்லும் பெயர்'. அட்டையின் வார்ப்புருவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சட்டம், கணக்கெடுப்பு, ஒப்பந்தம் என்றால் பத்திரத்தில் உள்ள சொல் அப்படியே மேற்கோள்குறிக்குள் நிற்கும். நாங்கள் எங்கள் வாயால் கேட்கிற கேள்வியில் மலையகத் தமிழர் என்று வரும்.

ஒரே அமுக்கில் முடிந்திருக்கும் வேலை மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு அட்டையையும் திறந்து, இது யார் சொன்ன சொல், எந்த வருஷத்துச் சொல் என்று பார்க்க வேண்டியிருந்தது. 'கூலி' என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு துரையின் கடிதத்தைப் பற்றிய அட்டையில் அது மேற்கோள்குறிக்குள் இருக்கட்டும். பாடக்குறிப்பில் இருந்து வந்த அட்டையில் அது இருக்கத் தேவையில்லை. எது எந்த இடம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

பூச்சியம் வந்த தேடல்கள்

தேடலில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, எதுவும் கிடைக்காத தேடல்கள்தான்.

'டெய்லர்' என்று தேடினோம். ஆறு அட்டை வந்தது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது, எந்த மாவட்டம், என்ன பயிருக்குப் பதிலாக, இப்படி. சரி, அது தெரிய வேண்டியதுதான். அடுத்து 'கோவிந்தன்' என்று தேடினோம். பூச்சியம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த தொழிலாளி அவர். 'இலட்சுமணன்', 'லெட்சுமணன்', 'லட்சுமணன்' என்று எழுத்தை மாற்றி மாற்றித் தேடினோம். பூச்சியம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணன். 'நடேசய்யர்' இருந்தார். அவரோடு மேடை மேடையாக ஏறி, பாட்டு எழுதிப் பாடித் தொழிலாளரைத் திரட்டின மீனாட்சி அம்மாள் இல்லை. 'சி.வி. வேலுப்பிள்ளை' பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார், எழுத்தாளராக இல்லை. 'பெண்' என்று தேடினால் 'பெண்கள் கல்வி வீதம்' மாதிரி இரண்டு மூன்று. கொழுந்து எடுக்கிற கை முக்கால்வாசி பெண்களுடையது என்று எந்த மலையைப் பார்த்தாலும் தெரியும். தொகுப்பில் தெரியவில்லை.

இதற்காக எங்களுக்கு முந்தினவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் பார்த்துத்தான் அட்டை செய்தார்கள். அதில் இருந்தது இதில் வந்தது, அதில் இல்லாதது இதிலும் இல்லை. ஆனால் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, வருஷக்கணக்காக ஒரு பிள்ளையின் மூளையில் பதிகிற சாமான் இது. டெய்லர் ஆறு இடத்தில், கோவிந்தன் ஒரு இடத்திலும் இல்லை என்று பதிந்தால் அது அப்படியே இருக்கும். படித்ததை மறக்காமல் வைத்திருக்க அன்கி உதவும். எதைப் படிப்பது என்று அது சொல்லாது.

இப்போது எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. பூச்சியம் வந்த பெயர்கள் எல்லாம் அதில். கிழமைக்கு ஐந்து என்று சேர்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு புலம் உண்டு. எடுத்த இடம் தெரியாவிட்டால் அந்த அட்டை உள்ளே போகாது.

செய்து பார்க்கிறவர்களுக்கு

நாங்கள் செய்கிற ஒழுங்கைச் சொல்கிறோம், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது திருத்தாதீர்கள். படிப்பு நின்றுவிடும். ஒரு அட்டை உறுத்தினால் சிவப்புக் கொடி மட்டும் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கொடி போட்டவற்றைத் தேடி எடுத்து ஒன்றாக இருந்து திருத்துங்கள். தனியாகத் திருத்தினால் உங்கள் சொல் மட்டும்தான் அதில் இருக்கும். திருத்தி முடிந்ததும் 'எடிட்டட்', முக்காற்புள்ளி, 7 என்று தேடினால் அந்தக் கிழமை மாற்றினது எல்லாம் வரும். இன்னொருத்தர் அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். பெரிய மாற்றத்துக்கு முன்னால் தொகுப்பைப் பெக்கப் எடுத்துவையுங்கள்.

பிறகு ஏற்றுமதி செய்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய தொகுப்பு வைத்திருக்கிற பிள்ளை புதியதை உள்ளே எடுத்தால், திருத்தின குறிப்புகள் மட்டும் புதிதாகும், அவளுடைய வரலாறு அப்படியே இருக்கும். புலம் சேர்த்திருந்தால் உள்ளே எடுக்கும்போது குறிப்பு வகைகளை ஒன்றுசேர்க்கச் சொல்லும் தெரிவையும் போடச் சொல்லுங்கள்.

அடுத்த லீவுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பலகையில் இருக்கிற இங்கிலீஷ் பெயர் ஒன்று, எங்கள் ஆட்கள் கூப்பிடுகிற தமிழ்ப் பெயர் ஒன்று. மலைகளுக்கும் அப்படித்தான், ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு, பெயரும் உண்டு. அன்கியில் ஒரு படத்தைப் போட்டு அதில் உள்ள இடங்களை மறைத்துக் கேள்வியாக்கலாம். தோட்டப் படத்தைப் போட்டு, இரண்டு பெயரையும் இரண்டு புலத்தில் எழுதப் போகிறோம். தமிழ்ப் பெயர் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். போனில் தேடினால் அவை வராது. லயத்துக்கு லயம் போய்க் கேட்க வேண்டும். உங்கள் தோட்டத்து அப்பாயி, அம்மாயி, தாத்தாமாரிடம் நீங்களும் கேட்டு எழுதி வையுங்கள். எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள்.